ஆய்வில் "அநீதி" என்று எழுதலாமா? சமூகவியலும் சொந்த விழுமியங்களும்

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வட்டாரக் காலனிகளின் மயானமும் மயானப் பாதையும்தான் தலைப்பு. பாதை யார் நிலம் வழியாகப் போகிறது, மழைக்காலத்தில் பிணத்தை எப்படித் தூக்கிப் போகிறார்கள், பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில் இந்தப் பேச்சு வந்திருக்கிறதா, வந்தபிறகு என்ன ஆனது என்று பார்க்கிறேன்.

போன வாரம் ஆய்வுக்குழு கூடியது. இரண்டாம் அத்தியாயத்தில் "இந்தப் பாகுபாடு அநீதியானது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை எடு என்றார்கள். சரி, ஒரு வரிதானே. அதற்கப்புறம் ஒருவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "நீயே அந்தக் காலனிப் பெண். உன் விழுமியம் உள்ளே வராமல் இருக்காது. வேறு வட்டாரம் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் தலைப்பை மாற்று" என்றார். கைடு வாய் திறக்கவில்லை.

வரியை எடுப்பதா வேண்டாமா என்று மட்டும் கேட்கவில்லை. சொந்த விழுமியம் இல்லாமல் சமூகவியல் ஆய்வு செய்ய யாராலாவது முடியுமா? முடிந்தால்தான் செய்ய வேண்டுமா? இங்கே வகுப்பெடுத்தவர்களும் களத்தில் அலைந்தவர்களும் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

தாழ்வாரம் எழுதியது:

வரியை எடுத்துவிடுங்கள். தலைப்பை விடாதீர்கள்.

பணி ஓய்வு வரை வகுப்பில் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை நடத்தியவன் நான். அந்த உறுப்பினர் மனதில் வெபர்தான் இருந்திருப்பார். ஆனால் வெபர் சொன்னது அது இல்லை. எதை ஆராயலாம் என்று நமக்குக் காட்டுவதே நம் விழுமியங்கள்தான் என்று 1904-இலேயே எழுதிவிட்டார். எதன்மீதும் அக்கறை இல்லாதவனுக்குக் கேள்வியே பிறக்காது. கேள்வி பிறந்தபின் பதிலை விழுமியம் எழுதக்கூடாது, அவ்வளவுதான் அவர் போட்ட தடை. அதற்கு ஒரு சோதனையும் வைத்தார்: ஒழுங்காகச் செய்த நிரூபணத்தை, நம் அறநெறி எதையும் ஏற்காத ஒரு சீனரும் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதை அவர் எந்தச் சூழலில் சொன்னார் என்பதை நம் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. அன்றைய ஜெர்மனியில் பேராசிரியர் அரசு ஊழியர். பொருளியலாளர் ஷ்மோலர் தலைமுறையினர் தங்கள் அரசியலை அறிவியல் என்ற பெயரிலேயே பேசினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவன் எழுந்து மறுத்துப் பேச முடியாது. 1909-இல் அந்தப் பேராசிரியர்களின் சங்கம் வியன்னாவில் கூடியபோது வெபர் இதற்காகவே சண்டை போட்டார். அதே வெபர்தான், சோஷலிஸ்ட் என்பதால் சமூகவியலாளர் ராபர்ட் மிஷெல்ஸுக்குப் பல்கலைக்கழகக் கதவை அடைத்தபோது அவருக்காகப் பேசியவர். சட்டத்தையே ஏற்காத ஓர் அராஜகவாதி சட்டப் பேராசிரியராக இருக்கலாம், மற்றவர்கள் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டதெல்லாம் அவன் கண்ணுக்குப் படும் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆக, "நீ அந்த ஊர்க்காரி, அதனால் வேண்டாம்" என்பதற்கு வெபரைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

செம்பருத்தி எழுதியது:

தாழ்வாரம் சார், வெபர் பற்றி இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1892-இல் ஜெர்மனியில் எல்பா நதிக்குக் கிழக்கே உள்ள பண்ணைத் தொழிலாளர்கள் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வுக்குக் கேள்வித்தாள் யாருக்குப் போனது? நிலச்சுவான்தார்களுக்கு. கூலிக்காரன் எப்படி வாழ்கிறான் என்று பண்ணையாரிடம் கேட்டார்கள். அது போதாது என்று தெரிந்து அடுத்த சுற்றில் பாதிரியார்களிடம் கேட்டார்கள். கூலிக்காரனிடம் அப்போதும் போகவில்லை. 1895-இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அந்த ஆய்வை வைத்துக்கொண்டு, போலந்துக் கூலிகளை எல்லையில் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே ஜெர்மன் தேசியம் பேசினார்.

அவரை அவமதிக்கச் சொல்லவில்லை. விழுமியம் உள்ளே வரும் வழி "அநீதி" என்று எழுதும் அந்த வரி இல்லை. அதற்கு வெகு முன்னாலேயே, யாரைக் கேட்டோம், எங்கே தங்கினோம் என்பதிலேயே வந்துவிடுகிறது.

நம் ஊருக்கு வாருங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயர் மாற்றி எழுதிய ஊரில் இருந்தார். 1965-இல் புத்தகம் வந்தது. தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் வங்காளி. பிராமணர் இல்லை. ஆனாலும் அக்ரகாரத்தில் இடம் கிடைத்தது. அங்கே தங்கியதால் சேரிக்குப் போய்ப் பழகுவது சுலபமாக இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை, அவரே எழுதியிருக்கிறார். மைசூர் பக்கம் இன்னொரு சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் தங்கியது ராம்புரா ஊர்த்தலைவர் வீட்டைச் சேர்ந்த இடத்தில். தான் பார்த்தது மேலிருந்து பார்த்த ஊர் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

இவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. பெத்தேய் புத்தகத்தை இன்று எடுத்தாலும் எவ்வளவு நேர்மை. சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது மாறிப் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அதில் காட்டினார். அதே மாவட்டத்தில் அதற்குப் பத்தாண்டு முன்னால் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் இருந்தார். பிற்பாடு மார்க்சியர் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் கண்ணில் பட்டது கூலியும் குத்தகையும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தஞ்சாவூர் தெரிகிறது. 1968 டிசம்பரில் கூலித் தகராறில் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரிந்தபிறகு எந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டுவீர்கள் என்று கேட்டால், நான் கஃப் பக்கம்தான் போவேன்.

வைகைக்கரையிடம் "நீ காலனிப் பெண்" என்று சொன்ன மனிதர், அக்ரகாரத்தில் தங்கிய ஆய்வாளர் யாரிடமாவது "நீ அக்ரகாரத்தில் இருந்தாயே" என்று கேட்டிருப்பாரா? மேலே இருப்பவனின் இடத்துக்கு இடம் என்ற பெயரே கிடையாது. அதற்குப் பெயர் நடுநிலை.

நேர்கோடு எழுதியது:

கைதட்டல் விழும், தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆராய்ந்த இரண்டு அமெரிக்க மானிடவியலாளர்கள். 1974-இல் ஜோன் மென்ச்சர், சாதியைக் கீழேயிருந்து பார்த்தால் அது சுத்தமான சுரண்டல் முறை, அடியில் இருப்பவர்கள் அந்தத் தத்துவத்தை ஏற்கவில்லை என்று எழுதினார். 1979-இல் மைக்கேல் மொஃபட் எண்டாவூரில் அதே தலித் மக்களையே மையமாக வைத்து ஆராய்ந்து, அவர்கள் தங்களுக்குள்ளும் அதே ஏற்றத்தாழ்வைக் கட்டி வைத்திருக்கிறார்கள், அடிப்படையில் மேல்சாதியோடு கருத்து ஒத்துப்போகிறார்கள் என்று எழுதினார். இரண்டு பேரும் பார்த்தது கீழேயிருந்துதான். பதில் எதிரெதிர்.

உங்கள் கணக்குப்படி "எங்கே உட்கார்ந்தார்" என்பது எல்லாவற்றையும் முடிவு செய்தால் இது எப்படி? அல்லது, மொஃபட் சொன்னது நமக்குப் பிடிக்கவில்லை, அதனால் ஒதுக்கிவிட்டோமா? என் புகார் இதுதான். சமூகவியல்காரர்கள் முடிவை வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகிறார்கள். "நடுநிலை என்பது ஏமாற்று" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது.

தாழ்வாரம் எழுதியது:

நல்ல கேள்வி. இதை விட்டுவிட்டால் இந்த இழைக்கே அர்த்தமில்லை.

மொஃபட்டை யாரும் ஒதுக்கவில்லை, விடாமல் வாதாடினார்கள். காலனிக்குள்ளேயே வண்ணாருக்கும் நாவிதருக்கும் தனிக் குடும்பங்கள், தனிக் கோயில், தனி முதல் மரியாதை என்று அவர் காட்டிய தகவல் கெட்டியானது, இன்றும் நிற்கிறது. கேள்வி அடுத்த படியில் வந்தது. ஒரு முறையை நகலெடுப்பதும் அதை நியாயம் என்று ஏற்பதும் ஒன்றா? ராமநாதபுரம் பக்கம் ஆராய்ந்த மானிடவியலாளர் ராபர்ட் தெலியேஜ், ஒன்றில்லை என்றார். பறையர்கள் தங்கள் தாழ்வுக்குச் சொல்லும் கதைகளில் அண்ணன் தம்பிக்குள் நடந்த ஒரு ஏமாற்று, ஒரு தவறான புரிதல் வருகிறது. நாம் இதற்குத் தகுந்தவர்கள் என்று அந்தக் கதைகள் சொல்லவில்லை. அதை அவர் எடுத்துக் காட்டினார்.

நேர்கோடு, இது எப்படி நடந்தது பாருங்கள். மென்ச்சரின் சார்பு என்ன என்று கேட்டு யாரும் முடித்துவைக்கவில்லை. மொஃபட் வைத்த தகவலை எடுத்து, அதன்மேல் அவர் ஏற்றிய பொருள் தாங்குமா என்று சோதித்தார்கள். செம்பருத்தி சொல்வதுபோல, உட்காரும் இடம் எது கண்ணில் படும் என்பதை முடிவு செய்கிறது. அங்கே கண்டதிலிருந்து என்ன முடிவு கட்டலாம் என்பதை அது முடிவு செய்வதில்லை. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் ஆளுக்கொரு சாதிக்கு ஆளுக்கொரு சமூகவியல் என்று ஆகிவிடும்.

செம்பருத்தி எழுதியது:

"ஆளுக்கொரு சமூகவியல்" என்ற பயம் சார் மாதிரி ஆட்களுக்கே வருகிறது. தலித் அறிஞர் கோபால் குரு 2002-இல் கேட்டதை மறந்துவிட வேண்டாம்: கோட்பாடு கட்டுவது ஒரு கூட்டம், தகவல் திரட்டித் தருவது இன்னொரு கூட்டம் என்று இந்தியச் சமூக அறிவியலிலேயே வர்ணப் பிரிவு இருக்கிறது. வைகைக்கரை தகவல் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். பொருள் சொல்ல வந்தால்தான் "சார்பு".

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் கோட்பாட்டு ஆள் இல்லை. மாதிரிக் கணக்கெடுப்புகளில் வீடு வீடாகப் போனவன். எண்ணில் விழுமியம் இல்லை என்று நினைப்பவர்களுக்காக இரண்டு விஷயம்.

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடு உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது, வீட்டுக்குத் தைப்பது எல்லாம் செய்பவர் 93. இரண்டு பேரும் உழைப்பாளர் படையில் சேரமாட்டார்கள். காலை நாலு மணிக்கு எழுந்த அம்மாவை, அவர் முன்னாலேயே உட்கார்ந்து "வேலையில் இல்லை" என்ற கட்டத்தில் போடுவோம். 2019-இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம் கொடுக்கிறார்கள் என்று வந்தது. அந்த உழைப்பு 2019-இல் முளைத்ததா? இதுவும் எண்ணத் தகுந்தது என்று யாரோ விடாமல் சண்டை போட்டார்கள். பெண்ணியம் பேசியவர்கள்தான் போட்டார்கள். அவர்கள் விழுமியம் கேள்வியைக் கொண்டுவந்தது. 299 என்பதை அவர்கள் எழுதவில்லை.

இரண்டாவது, 2011-12 இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு. 42,000-க்கு மேற்பட்ட வீடுகள். "உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களை அப்படியே விடவில்லை. "பட்டியல் சாதிக்காரர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா?" என்று அடுத்த கேள்வி. இரண்டும் சேர்ந்து சுமார் 27 சதவீத வீடுகள் சிக்கின. முதல் கேள்வியோடு நின்றிருந்தால் எண் குறைந்திருக்கும். தீண்டாமையை மனிதர்கள் மறைப்பார்கள் என்று தெரிந்த ஒருவர்தான் இரண்டாவது கேள்வியை எழுத முடியும். அந்தத் தெரிதல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

நேர்கோடு எழுதியது:

92, 93 நல்ல உதாரணம், ஏற்கிறேன். ஆனால் கவனியுங்கள், நீங்கள் சொன்ன இரண்டிலுமே கேள்வி போட்டவர் எதிர்பார்க்காத பதிலும் வர இடம் இருந்தது. ஆண்கள் 250 நிமிடம் என்று வந்திருக்கலாம். நான் கேட்பது அந்த இடத்தைத்தான். வைகைக்கரை ஆய்வில் அது எங்கே?

வல்வெளி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோவில். இந்தக் கதையில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஸ்டான்லி தம்பையா எங்கட ஆள், ஹார்வர்டில் மானிடவியல் பேராசிரியராக இருந்தவர். தாய்லாந்துப் பௌத்தம் பற்றி அவர் எழுதியவற்றை உலகமே படித்தது. 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, 1986-இல் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, இதை விலகி நின்ற கல்விசார் நூலாக எடுக்க வேண்டாம், ஈடுபாட்டோடு எழுதிய அரசியல் நூலாகவே பாருங்கள் என்ற கருத்தில் சொல்லிவிடுகிறார். எனக்கு அது பிடித்தது. வாசிக்கிற ஆளுக்கு எங்கே நின்று கதைக்கிறார் என்று விளங்குகிறது.

ஆனால் அதனால் என்ன நடந்தது? 1992-இல் பௌத்தமும் அரசியலும் பற்றி அடுத்த புத்தகம் வந்தபோது, உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று பலர் பார்க்கவே இல்லை. தமிழர் எழுதினார் என்பதே போதுமாக இருந்தது. இலங்கையில் அதைத் தடையும் செய்தார்கள். "நான் இந்தப் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்வது நேர்மை, ஒத்துக்கொள்கிறேன். எதிராளிக்கு அது ஒரு சாட்டும் ஆகிவிடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் பெயரைப் பார்த்தே அடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அதனால் தங்கச்சி, நீங்கள் எந்த இடத்துப் பிள்ளை என்பதை முன்னுரையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அதை எப்படியும் கண்டுபிடிப்பார்கள். முதலில் நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வல்வெளி அண்ணா, முன்னுரையில் எழுதுகிறேன்.

நேர்கோடு கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்காத பதில் களத்திலேயே வந்துவிட்டது. இரண்டு காலனிகளில், பாதையை மறித்திருப்பவர் ஊர்த்தெரு நிலக்காரர் இல்லை, எங்கள் ஆட்களில் நிலம் வாங்கியவரே. இன்னொரு இடத்தில் அருந்ததியர் பிணத்தைத் தங்கள் மயானத்தில் புதைக்கக் கூடாது என்று சொன்னது எங்கள் தெருதான். இதைக் குழுவிடம் காட்டவில்லை, அந்த அத்தியாயம் இன்னும் எழுதி முடியவில்லை. எழுதப் பயமாகவும் இருக்கிறது. "பார், அவர்களே அப்படித்தான்" என்று எடுத்துக்கொள்ள ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், ஊர்த்தெருவில் என்னிடம் யாரும் பேசுவதில்லை. "எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கோம் பாப்பா" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காபி எனக்கு மட்டும் பேப்பர் கப்பில்.

செம்பருத்தி எழுதியது:

அருந்ததியர் விஷயத்தை எழுதுங்கள். விடாதீர்கள். அடியில் இருப்பவனுக்கும் அடியில் ஒருவன் இருக்கிறான் என்பதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள், அது வேறு மாதிரி இருக்கும். பேப்பர் கப்பையும் எழுதுங்கள். "அநீதி" என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதினாலும் அந்தக் கப் அளவுக்கு வராது.

தாழ்வாரம் எழுதியது:

வெபர் 1917-இல் மியூனிக் மாணவர்களிடம் சொன்னது இதுதான்: ஆசிரியரின் முதல் வேலை, தங்கள் கட்சிக்கு வசதியில்லாத உண்மைகளை ஏற்க மாணவர்களைப் பழக்குவது. எல்லாக் கட்சிக்கும் அப்படிப்பட்ட உண்மைகள் உண்டு என்றார். உங்களுக்கு வசதியில்லாதது உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. அந்த அத்தியாயத்தை முடித்து அடுத்த கூட்டத்தில் அதை முதலில் வையுங்கள். அப்புறம் "உன்னால் முடியாது" என்று சொன்னவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. 1967-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் "நாம் யார் பக்கம்" என்று கேட்டார், ஒரு பக்கம் நிற்காமல் இருக்க முடியாது என்றார். அடுத்த வருடமே இன்னொரு சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் அவரைப் பிடித்தார். கீழே இருப்பவனுக்காக இரக்கப்பட்டு எழுதும்போது நடுவில் இருக்கும் சின்ன அதிகாரியைத் திட்டிவிட்டு, அதற்கு மேலே இருப்பவரைத் தொடாமல் விட்டுவிடுகிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. உங்கள் ஆய்வில் நிலம் வாங்கிய காலனிக்காரரும் தலையாரியும் வருவார்கள். பாதைக்கு நிலம் எடுத்துத் தராத தாசில்தார் அலுவலகக் கோப்பும் வரட்டும்.

நேர்கோடு எழுதியது:

அந்த இரண்டு காலனித் தகவலைப் படித்தபின் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. "அநீதி" வரி பற்றி என் கருத்து மாறவில்லை, அது தேவையில்லை. வட்டாரத்தை மாற்றச் சொன்னது தவறு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஊர்த்தெரு பேசாவிட்டால் ஒன்று செய்யலாம். அந்தப் பக்கம் பழக்கமுள்ள இன்னொரு ஆய்வு மாணவரை அனுப்பி அதே கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இருவருக்கும் கிடைத்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசமே ஒரு தகவல்தான்.

பாதை விஷயத்தில் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, அதாவது ஊர் நிலங்களின் பதிவேடு, இருக்கும், மயானமும் வண்டிப்பாதையும் புறம்போக்கு என்று எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் காட்டும் புல வரைபடம் வாங்கி, நேரில் பாதை எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமை மனு. வரைபடத்தில் பாதை இருந்து தரையில் வரப்பாக இருந்தால், அதைக் காலனிப் பெண் போய்ப் பார்த்தாலும் குழு உறுப்பினரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாலும் அதே வரப்புதான்.

வைகைக்கரை எழுதியது:

மூன்று ஊர்களுக்கு அ-பதிவேடு நகல் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். புல வரைபடத்துக்கு நாளை தாலுகா அலுவலகம் போகிறேன். ஊர்ப் பெயர்களை மாற்றலாம் என்று நினைத்தேன், ஆனால் சர்வே எண் போட்டால் பெயரை மாற்றி என்ன பயன்? இதற்கு யாராவது வழி வைத்திருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சர்வே எண்ணை ஆய்வேட்டில் போட வேண்டாம். நகல்களைத் தனிக் கோப்பாகக் கட்டி, தேர்வாளர் கேட்டால் மட்டும் காட்டுங்கள். அருந்ததியர் தெரு இருக்கும் ஊருக்குப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, எந்தத் திசையில் எந்த ஆறு என்பதையும் விட்டுவிடுங்கள். உங்களிடம் பேசியவர்கள் அங்கேயேதான் இருக்கப்போகிறார்கள்.